ஹென்ரியட்டா தெரு 14: நூறு பேர் குடியிருந்த மாளிகை

1877-இல் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினின் ‘ஐரிஷ் டைம்ஸ்’ நாளிதழில் ஒரு வாடகை விளம்பரம் வந்தது. நகரின் வடபகுதியில் பெரிய வீடு, மரியாதையான குடும்பங்களுக்கு. புதிதாகச் சுவர்க்காகிதம் ஒட்டி வண்ணம் அடித்தது. எரிவாயு உண்டு. மாடிப்படித் திருப்பங்களில் கழிப்பறை. வார்ட்ரி தண்ணீர். துணி காயப்போட முற்றம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ரொட்டி சுடும் அறையோடு கூடிய இரும்பு அடுப்பு. பின்புறம் பெரிய வண்டிக்கொட்டகை, பட்டறையாகவும் வைத்துக்கொள்ளலாம். விவரத்துக்கு ஹென்ரியட்டா தெரு 14-ஆம் எண் வீட்டுக் காவலாளியைப் பார்க்கவும்.

விளம்பரத்தில் உள்ள ஒவ்வொன்றும் அன்று புதுமைதான். விக்லோ மலைப்பகுதியில் வார்ட்ரி ஆற்றைத் தேக்கிக் குழாய் வழியே நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது 1860களில்தான். அதுவரை அசுத்தமான கால்வாய்த் தண்ணீரைக் குடித்த ஊருக்கு அந்த இரண்டு சொற்கள் பெரிய கவர்ச்சி. விளம்பரத்தில் ஒன்று மட்டும் இல்லை: ஒரு குடும்பத்துக்காகக் கட்டிய அந்த வீட்டில் எத்தனை குடும்பங்கள் குடியேறப்போகின்றன என்ற கணக்கு. வீட்டை 1876-இல் வாங்கிய தாமஸ் வான்ஸ் அதை 19 குடித்தனங்களாகப் பிரித்திருந்தார். சிலவற்றுக்கு ஒரே அறை, சிலவற்றுக்கு மூன்று, சிலவற்றுக்கு நான்கு.

1911 ஏப்ரல் 2, ஞாயிறு இரவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது அந்த வீட்டில் 17 குடும்பங்களாக 100 பேர் இருந்தார்கள்.

இதற்குத் தமிழில் வேறு சொல் தேட வேண்டியதில்லை. ஒண்டுக்குடித்தனம். நடையைக் கடந்தால் வரிசையாகக் கதவுகள், ஒரு குழாய், ஒரு கழிப்பறைக்கு முன்னால் நாலு பேர். இந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனத்தில் எழும் படம் டப்ளினுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். வேறுபாடு அறையின் உயரத்தில் இருந்தது. நம் ஒண்டுக்குடித்தனங்களில் கை தூக்கினால் விட்டம் தட்டும். அங்கே ஏழைக் குடும்பம் ஒன்று சீமான்கள் விருந்துண்ட கூடத்தில், எட்ட முடியாத உயரத்தில் சுதைப்பூ வேலை செய்த கூரைக்குக் கீழே, அந்த உயரத்தைச் சூடாக்க நிலக்கரிக்குக் காசில்லாமல் படுத்திருந்தது.

நூறாண்டு காலம் இப்படி இருந்த இந்த வீடு 2018 முதல் அருங்காட்சியகம். அதை ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு எழுதுவதற்குக் காரணம் உண்டு. பழைய வீடுகளின் வரலாற்றை எழுதுகிற எவருக்கும் வருகிற சிக்கல் இங்கே மிகத் தெளிவாகத் தெரிகிறது: முதலில் இருந்த ஐந்தாறு பேரைப் பற்றி ஏட்டில் நிறைய இருக்கிறது, பின்னால் இருந்த நூற்றுக்கணக்கானவர்களைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லை.

சீமான்களின் தெரு

லூக் கார்டினர் எளிய குடும்பத்தில் பிறந்து வங்கித் தொழிலிலும் அரசுப் பதவியிலும் பணம் சேர்த்தவர். 1720களில் லிஃபி ஆற்றின் வடகரையில், போல்டன் தெருவிலிருந்து மேட்டில் ஏறும் ஒரு குறுந்தெருவை வகுத்தார். தானும் அங்கேயே 10-ஆம் எண்ணில் வீடு கட்டிக் குடியேறினார். அர்மா பேராயர் ஹியூ போல்டர் வந்து தங்கியதால் ஊரார் அந்த மேட்டைப் பேராயர் மேடு என்று அழைத்தார்கள். 13, 14, 15 மூன்றையும் கார்டினர் 1740களின் பிற்பகுதியில் ஒரே வரிசையாகக் கட்டினார். வெளியே தட்டையான செங்கல் முகப்பு, அலங்காரம் ஏதுமில்லை. ஆடம்பரமெல்லாம் உள்ளே. நுழைந்ததும் பெரிய படிக்கட்டு, அது ஏறிச்சேரும் முதல் மாடியில் விருந்தினர் கூடங்கள். வேலைக்காரர்களுக்கு ஒதுக்குப்புறமாகத் தனிப் படிக்கட்டு.

14-இன் முதல் குடும்பம் மூன்றாம் விஸ்கவுன்ட் ரிச்சர்ட் மோல்ஸ்வொர்த்தும் இரண்டாம் மனைவி மேரி ஜென்னி அஷரும். 1706-இல் ராமிலி போரில் தளபதி மார்ல்பரோ குதிரையிலிருந்து விழுந்தபோது தன் குதிரையைக் கொடுத்து உயிரைக் காத்தவர் இந்த மோல்ஸ்வொர்த். 1751-இல் அயர்லாந்துப் படைகளின் தலைமைத் தளபதியானார். இரண்டு மகள்கள் இந்த வீட்டில் பிறந்தார்கள். 1758-இல் அவர் இறந்தார். ஐந்தாண்டு கழித்து, 1763 மே மாதம், லண்டன் அப்பர் புரூக் தெரு வீட்டில் பிடித்த தீயில் விதவையான சீமாட்டியும் அவருடைய மகள்களில் இருவரும் மாண்டார்கள்.

அதற்குப் பின் அயர்லாந்தின் மிக உயர்ந்த நீதிப் பதவியான லார்டு சான்சலர் பதவியில் இருந்த ஜான் போஸ், சர் லூசியஸ் ஓ’பிரையன், கிளாகர் ஆயர் ஜான் ஹோதம், பன்னிரண்டாம் விஸ்கவுன்ட் டில்லன் என்று பதவியும் பட்டமும் உள்ளவர்கள் மாறிமாறி இருந்தார்கள். இவர்களை அடையாளம் காண்பது கடினமே இல்லை. டப்ளினில் 1708-இலிருந்து பத்திரப் பதிவகம் இயங்குகிறது. சொத்துக் கைமாறினால் அதன் சுருக்கம் அங்கே பதிவாகும். உயில் இருக்கும், கடிதம் இருக்கும், ஓவியம்கூட இருக்கும். நம்மூரில் மூலப்பத்திரத்திலிருந்து தாய்ப்பத்திரங்களாக ஏறிப்போவதைப் போல ஒன்றைப் பிடித்தால் அடுத்தது வரும். அந்தச் சங்கிலியில் சொத்து உடையவர் மட்டும்தான் கண்ணி. அடுப்படியில் நின்ற பெண்ணின் பெயர் எந்தப் பத்திரத்திலும் வராது.

வில்லங்கம்

1801-இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. டப்ளின் நாடாளுமன்றம் கலைந்தது. ஆண்டுதோறும் அவைக்காக வந்து மாதக்கணக்கில் தங்கிய பிரபுக்களுக்கு இனி அங்கே வேலையில்லை. லண்டனுக்குப் போனார்கள், அல்லது தங்கள் கிராம மாளிகைகளுக்குத் திரும்பினார்கள். ஹென்ரியட்டா தெருவின் மேல்முனையில் ஜேம்ஸ் காண்டன் வடிவமைத்த கிங்ஸ் இன்ஸ் என்ற வழக்கறிஞர் கழகத்தின் கட்டடம் எழுந்திருந்தது. ஆகவே காலியான வீடுகளுக்கு வழக்கறிஞர்கள் வந்தார்கள். 14-உம் வழக்கறிஞர் வீடாயிற்று.

அடுத்து நடந்ததைத்தான் இந்த வீட்டின் வரலாற்றில் திருப்பமாக நான் கருதுகிறேன். 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து தொடங்கிய பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். குத்தகை வசூல் நின்றது. ஏற்கெனவே அடமானக் கடனில் மூழ்கியிருந்த ஜமீன்தார்கள் நொடித்துப்போனார்கள். கடன் பாக்கியோடு கிடந்த நிலங்களைக் கையகப்படுத்தி, கடன்காரர்களுக்கு ஈடுசெய்து, சுத்தமான உரிமையோடு புதியவர்களுக்கு விற்க 1849-இல் சட்டம் வந்தது. அதை நடத்தும் நீதிமன்றம் 1850-இல் உட்கார்ந்த இடம் ஹென்ரியட்டா தெரு 14. அந்த நீதிமன்றத்தின் பெயரைத் தமிழில் வில்லங்கச் சொத்து நீதிமன்றம் என்றுதான் சொல்ல வேண்டும். சொத்து வாங்கும் முன் வில்லங்கச் சான்று எடுக்கப் பழகிய நமக்கு அது சட்டென்று புரியும்.

1850களில் அது மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜமீன் சொத்துகளை விற்றது. வாங்கியவர்களில் பலர் போட்ட முதலுக்கு வருமானம் பார்க்க வந்தவர்கள். அவர்கள் குத்தகையை உயர்த்தினார்கள், கட்ட முடியாதவர்களை வெளியேற்றினார்கள். பஞ்சத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் டப்ளினின் மக்கள்தொகை சுமார் 36,000 கூடியது. வந்தவர்களுக்குத் தங்க இடம் வேண்டும், வாடகை குறைவாக இருக்க வேண்டும். காலியான மாளிகைகளை அறை அறையாகப் பிரிக்கும் தொழில் அதனால்தான் சூடுபிடித்தது. நிலம் ஏலம்போன அதே அறைகளில், நிலமிழந்து வந்தவர்களின் பிள்ளைகள் பின்னால் குடியேறியிருக்கலாம். ஆள் ஆளாகப் பெயர் சொல்லி அதை நிறுவ இயலாது. 1911 கணக்கெடுப்புப் படிவத்தில் பிறந்த இடம் என்று ஒரு பத்தி உண்டு. அதிலும் மாவட்டத்தின் பெயரோடு நின்றுவிடும், கிராமம் வராது.

நீதிமன்றம் போனபின் 1860களில் டப்ளின் துணைப்படையின் தலைமையகமாக வீடு இருந்தது. 1876-இல் படை காலிசெய்தது. வான்ஸ் வாங்கினார்.

படிக்கட்டுப் போயிற்று

வான்ஸ் செய்த முதல் வேலை பெரிய படிக்கட்டை எடுத்ததுதான். கணக்கு எளிது. படிக்கட்டு ஏறும் வெற்றிடத்துக்கு யாரும் வாடகை தருவதில்லை. அங்கே தளம் போட்டுச் சுவர் எழுப்பினால் கூடுதல் அறைகள் கிடைக்கும். வேலைக்காரர்கள் ஏறி இறங்கிய பின்படிக்கட்டு இனி எல்லோருக்குமான படிக்கட்டு. தண்ணீர் வாளியோடும் நிலக்கரியோடும் கழிவு வாளியோடும் நூறாண்டு அதில்தான் ஏறினார்கள். கூடங்களைத் தடுத்து, ஒரே அறைக்குள் அடுக்களை, இருக்குமிடம், படுக்குமிடம் என்று பலகைத் தடுப்புகள் வந்தன.

வான்ஸை வெறும் பேராசைக்காரர் என்று ஒதுக்குவது சரியில்லை. அந்த விளம்பரத்தில் சொன்ன வசதிகள் அக்காலத்து டப்ளின் குடித்தன வீடுகளோடு ஒப்பிட்டால் மேலானவை. மூன்று நான்கு அறைக் குடித்தனங்கள் ஓரளவு வசதியான தொழிலாளர்களை எண்ணித்தான். சீரழிவு மெல்ல வந்தது. பராமரிப்பு குறைந்தது, குடித்தனத்துக்குள் உள்குடித்தனம் வைத்தார்கள், ஆள் கூடியது. தெருவின் மற்ற வீடுகளுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். கட்டட ஒப்பந்தக்காரரும் 1891-இல் நகரத் தந்தை ஆனவருமான ஜோசப் மீட் அங்கே பல வீடுகளை வாங்கி, படிக்கட்டுகளையும் சலவைக்கல் கணப்புச் சட்டங்களையும் கழற்றி லண்டனில் விற்றுவிட்டு, எஞ்சிய கூட்டை ஏழைகளுக்கு வாடகைக்கு விட்டார். நகரத்தின் முதல் குடிமகன் செய்த வேலை இது.

அந்த முதல் குடித்தனக்காரர்கள் யார்? 1877-இல் விளம்பரத்தைப் பார்த்து வந்து காவலாளியிடம் முன்பணம் கொடுத்தவர்கள் எவர்? இங்கேதான் ஏடு கைவிடுகிறது. அயர்லாந்தில் 1821 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடந்தது. 1861, 1871 படிவங்கள் புள்ளிவிவரம் எடுத்தபின் அழிக்கப்பட்டன. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக் கூழாகப் போயின. அதற்கு முந்தையவை ஆவணக் காப்பகத்தில் இருந்தன. 1922 ஜூன் 30, உள்நாட்டுப் போரில் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகம் வெடித்து எரிந்தபோது காப்பகமும் பல நூற்றாண்டு ஏடுகளும் சாம்பலாயின. ஊர் முகவரிப் புத்தகங்களில் பார்த்தால் இத்தகைய வீடுகளுக்கு எதிரே ‘குடித்தனங்கள்’ என்று ஒற்றைச் சொல். வழக்கறிஞர் இருந்தவரை பெயரும் தொழிலும் அச்சிட்ட அதே புத்தகம் ஏழைகள் வந்ததும் பெயர் போடுவதை நிறுத்திக்கொண்டது.

வழி முற்றாக அடைபடவில்லை. 1864 முதல் அயர்லாந்தில் பிறப்பு, இறப்புப் பதிவு கட்டாயம். பதிவேட்டில் முகவரி இருக்கும், தந்தையின் தொழில் இருக்கும், இறப்பு என்றால் காரணம் இருக்கும். ஆக 1901-க்கு முன் இந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் நம் கைக்குக் கிடைப்பது ஒரு குழந்தை பிறந்தபோது, அல்லது யாரோ இறந்தபோது. இடைப்பட்ட வாழ்வு கிடைக்காது. பிள்ளை பெறாமல், சாகாமல், வாடகை கட்டிவிட்டு வேறு வீடு மாறிப்போனவர்கள் ஒரு தடமும் வைக்கவில்லை. குடித்தனக்காரர்களில் அத்தகையோர் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால் இந்த இடைவெளியின் அளவு விளங்கும்.

ஞாயிறு இரவின் படிவங்கள்

1901, 1911 கணக்கெடுப்புகள் மட்டும் முழுமையாகப் பிழைத்தன. இரண்டும் இன்று இணையத்தில் இலவசம், குடும்பத் தலைவர் கைப்பட நிரப்பிய தாளின் படமே கிடைக்கும். நகரத்தில் படிவத்தைக் கொடுத்து வாங்கியவர்கள் போலீஸ்காரர்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவர்களே நிரப்பினார்கள், தலைவர் ஒரு பெருக்கல் குறி போட்டார். பெயர், உறவு, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், பிறந்த இடம், ஐரிஷ் மொழி தெரியுமா, ஊனம் உண்டா.

1911 படிவத்தில் புதிதாக ஒன்று சேர்ந்தது. மணமான பெண்கள் எத்தனை ஆண்டுகளாக மணவாழ்வில் இருக்கிறார்கள், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இன்று இருப்பவர் எத்தனை. இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில். டப்ளின் குடித்தன வீடுகளின் படிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்து அந்தப் பத்தியை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் நெடுநேரம் தொடர முடியாது. கேள்வி விதவைகளுக்கு இல்லை. ஆனால் பல விதவைகள் எழுதினார்கள். விதிப்படி அது தேவையில்லை என்று அதிகாரி அந்த எண்களின்மேல் கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே எண் இன்றும் தெரிகிறது. தன் செத்த குழந்தைகளை யாரும் கேட்காமலே ஒரு தாளில் எழுதிவைக்க விரும்பிய பெண்ணைப் பற்றி அந்த அடித்தல் ஒன்று சொல்கிறது. பத்திரப் பதிவகம் முழுவதையும் புரட்டினாலும் அது கிடைக்காது.

14-ஆம் எண்ணின் தொழில் பத்தியில் பெண்களுக்கான தொப்பி செய்பவர்கள், ஆடை தைப்பவர், தையற்காரர், மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுபவர்கள் எல்லாம் வருகிறார்கள். கைத்தொழிலாளர் வீடு அது. சிலர் இருந்த அறையிலேயே வேலையும் செய்திருப்பார்கள். பாலிஷ் போடுபவரின் அரக்குச் சாராய வாடையும் தையற்காரரின் இஸ்திரிப் பெட்டியும் பிள்ளைகளின் படுக்கையும் ஒரே இடத்தில். அந்தத் தெருவின் மற்ற வீடுகளிலும் கூட்டம் இதே அளவுதான். 7-ஆம் எண்ணில் 19 குடும்பங்கள், 104 பேர். வீட்டுவேலை செய்பவர்கள், கூலிகள், சுமை தூக்குவோர், வண்ணமடிப்போர், தச்சர்கள், தபால்காரர் ஒருவர், ஒரு வகுப்பையே நிரப்பும் அளவுக்குப் பள்ளிப் பிள்ளைகள். கொல்லையில் குதிரை லாயம் ஒன்று, பன்றிக் கொட்டில் ஒன்று. தெரு முழுவதும் எண்ணிப் பார்த்தால் பதினைந்து வீடுகளில் எண்ணூறுக்கு மேற்பட்டவர்கள்.

குடித்தன வீடுகளில் அறைக்கு எண் கிடையாது. எத்தனை படிவரிசை ஏற வேண்டும், தெருப்பக்கமா கொல்லைப்பக்கமா என்பதே முகவரி. ‘இரண்டு மாடி ஏறி, பின்னறை’ என்றால் தபால்காரர் முதல் பாதிரியார் வரை எல்லோருக்கும் தெரியும். நம்மூர் ஸ்டோர் வீடுகளில் ‘கடைசி வீட்டு மாமி’, ‘மாடிப்படிக்குக் கீழ் வீடு’ என்று சொல்லிவந்தது இதே கணக்குதான். ஆளின் பெயரைவிட அவர் ஒண்டியிருக்கும் மூலை முந்திக்கொள்ளும்.

இடிந்த வீடுகளும் எழுந்த வீடுகளும்

1913 செப்டம்பர் 2 இரவு, ஹென்ரியட்டா தெருவிலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கும் சர்ச் தெருவில் இரண்டு குடித்தன வீடுகள் சரிந்தன. ஏழு பேர் இறந்தார்கள். உடன்பிறப்புகளை வெளியே தூக்கிவந்துவிட்டு, விட்டுப்போன தங்கைக்காகத் திரும்ப உள்ளே போன பதினேழு வயதுப் பையனும் அதில் ஒருவன். தொழிற்சங்கத்தில் சேர்ந்த டப்ளின் தொழிலாளர்களை முதலாளிகள் வேலைக்கு விடாமல் கதவடைத்த ஆண்டு அது. ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது விசாரணைக் குழு அமைந்தது. 1914-இல் வந்த அறிக்கையின்படி நகரில் 5,322 குடித்தன வீடுகள், அவற்றில் 25,822 குடும்பங்கள், 87,305 பேர். இவர்களில் 20,108 குடும்பங்களுக்கு ஒரே ஓர் அறை. குடித்தன வீடுகளின் உரிமையாளர் பட்டியலில் மாநகராட்சி உறுப்பினர்கள் சிலரும் இருந்தார்கள் என்பதையும், விதிப்படி தகுதியில்லாத வீடுகளுக்கு அவர்களில் சிலர் வரித்தள்ளுபடி பெற்றதையும் அறிக்கை கண்டித்தது. ஆய்வாளர் வீட்டை மூடச்சொல்ல வேண்டும், ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுக்கும் மன்றத்தில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். ஓட்டை எங்கே என்று தேட வேண்டியதில்லை.

பிறகு உலகப்போர், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சி, விடுதலைப் போர், உள்நாட்டுப் போர். வீடு கட்டும் வேலை உண்மையில் நடந்தது சுதந்திர அரசு வந்தபின்தான். 1920களில் மரீனோ, பின்னர் கிரம்லின், காப்ரா. 1932 முதல் 1948 வரை மாநகராட்சியின் வீட்டுவசதிக் கட்டடக் கலைஞராக இருந்த ஹெர்பர்ட் சிம்ஸின் காலத்தில் சுமார் 17,000 வீடுகள் எழுந்தன. அவரை அந்த வேலைப்பளு தின்றது, 1948-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். டப்ளினில் அவர் கட்டிய அடுக்ககங்கள் இன்றும் குடியிருப்போடு நிற்கின்றன. அந்த நகரம் அவருக்குப் பட்ட கடன் பெரிது.

இத்தனைக்குப் பிறகும் 14-இல் ஆட்கள் இருந்தார்கள். 1963 ஜூனில் பெருமழைக் காலத்தில், ஹென்ரியட்டா தெரு தொடங்கும் அதே போல்டன் தெருவில் ஒரு வீடு இடிந்து முதிய தம்பதி இறந்தார்கள். பத்து நாள் கழித்து ஃபீனியன் தெருவில் இன்னொன்று விழுந்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். மாநகராட்சி பயந்துபோய் நூற்றுக்கணக்கான குடும்பங்களை அவசரமாக வெளியேற்றியது. அந்த அவசரத்தில் பிறந்ததுதான் நகரத்துக்கு வடக்கே பாலிமன் அடுக்ககம். 1916 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஏழு தலைவர்களின் பெயரில் ஏழு கோபுரங்கள். அவற்றில் கடைசியானது 2015-இல் இடிக்கப்பட்டது.

புறநகருக்குப் போனவர்களுக்குத் தனிக் குழாய் கிடைத்தது, தனிக் கழிப்பறை கிடைத்தது, பிள்ளைகள் ஓட இடம் கிடைத்தது. வேலைக்கும் சந்தைக்கும் பேருந்துக் காசு வேண்டியிருந்தது. கதவைத் திறந்தால் பக்கத்து அறைக்காரி நிற்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள் பழைய குடித்தனக்காரர்கள். நல்லவேளை தப்பினோம் என்பார்கள், அந்தப் படிக்கட்டுச் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்பார்கள். ஒன்றைக் கேட்டுக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடுகிற எழுத்தாளர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும், உண்மை பாதிதான்.

ஹென்ரியட்டா தெரு 14-இன் கடைசிக் குடும்பங்கள் 1970களின் இறுதியில் வெளியேறின. வீடு பூட்டிக் கிடந்தது. கூரை ஒழுகியது, விட்டங்கள் உளுத்தன.

எந்தக் காலத்து வீடு?

2000-க்குப் பின் டப்ளின் மாநகராட்சி வீட்டைக் கையகப்படுத்தி, பத்தாண்டுக்கு மேல் எடுத்து, ஷாஃப்ரி கட்டடக் கலைஞர்களைக் கொண்டு சீர்செய்தது. இந்த வீட்டின் கதையில் மையமான முடிவு இங்கே எடுக்கப்பட்டது. விஸ்கவுன்ட் காலத்து மாளிகையாக மீட்பது ஒரு வழி. தடுப்புகளை அகற்றி, படிக்கட்டைப் புதிதாகச் செய்து, கூரைச் சுதைக்குப் பொன் பூசினால் பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அப்படிச் செய்திருந்தால் மோல்ஸ்வொர்த் குடும்பத்தின் சில ஆண்டுகளுக்காக நூறாண்டுக் குடித்தனத்தின் ஒரே சான்றை அழித்திருப்பார்கள். ஏட்டில் இல்லாதவர்கள் வீட்டிலாவது இருந்தார்கள். சுவரைச் சுரண்டினால் அங்கிருந்தும் போயிருப்பார்கள்.

அவர்கள் சுரண்டவில்லை. வான்ஸ் எடுத்த படிக்கட்டு எடுத்தபடியே இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய சுவர்க்காகிதம், தரையில் அடுக்கடுக்காக விரித்த லினோலியம், ஆணி அடித்த தழும்பு, தடுப்பு நின்ற கோடு ஆகியவற்றை ஆவணமாக எண்ணிப் பதிந்தார்கள். எந்த அறையில் எத்தனை முறை காகிதம் மாற்றினார்கள் என்பதை எண்ணினால், அங்கே இருந்தவர்கள் ஒருவாரம் வாடகைக்கே திண்டாடினாலும் சுவரை அழகாக வைத்துக்கொள்ள மெனக்கெட்டார்கள் என்று தெரிகிறது. ‘இருண்ட டப்ளின்’ என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதிய படத்தில் இது வராது. கூடங்கள் சிலவற்றைச் சீமான் காலத்துத் தோற்றத்திலும், குடித்தனங்களைக் குடித்தனமாகவும், ஒன்றைப் பிற்காலத்துத் தட்டுமுட்டுச் சாமான்களோடும் வைத்து, மேலும் கீழுமாக நடத்திக் காட்டுகிறார்கள். பழைய குடித்தனக்காரர்களை அழைத்து நினைவுகளைப் பதிவுசெய்ததும் இந்தப் பணியின் பகுதி. எந்த மூலையில் கட்டில், எங்கே தண்ணீர்ப் பானை என்பதை அவர்கள் சொல்லித்தான் அறைகள் அமைந்தன.

நடையும் மாடிப்படிச் சுவரும் இரண்டு நிறத்தில் இருக்கின்றன, செங்காவியும் நீலமும். டப்ளின் குடித்தன வீடுகள் பலவற்றிலும் இதே சோடிதான், மலிவு என்பதால். காவி மண்நிறம். நீலம் ரெக்கிட் நிறுவனத்தின் சலவை நீலம், சுண்ணாம்பில் கரைத்தது. நம் வீடுகளில் வேட்டி அலசின கடைசித் தண்ணீரில் போட்ட ராபின் நீலமும் அதே ரெக்கிட் நிறுவனத்துச் சரக்குதான். சலவைக்கு வாங்கினதைச் சுவருக்கும் பூசிக்கொண்டவர்களின் கை அந்த நடையில் அப்படியே இருக்கிறது.

ஏட்டின் பக்கம் இன்னும் ஒரு வாசல் உண்டு. விடுதலைப் போரால் 1921-இல் அயர்லாந்தில் கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்தது 1926 ஏப்ரல் 18 இரவு, சுதந்திர அரசின் முதல் கணக்கெடுப்பு. நூறாண்டு பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம், அந்தப் பூட்டுக்கு விதித்த முடிவுநாள் 2026 ஏப்ரல் 18. 1911-இல் ஹென்ரியட்டா தெரு 14-இல் கைக்குழந்தையாக எண்ணப்பட்ட ஒருவருக்கு 1926-இல் பதினைந்து வயது. இருந்தால், அதே படிக்கட்டில்தான் ஏறினாரா, வேறு முகவரிக்குப் போனாரா என்று அந்தத் தாளில் தேடலாம்.